பூங்கா நகரும் நிலத்தின் விலையும்: லெச்வேர்த் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1904 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டன் றோயல் கோர்ட் அரங்கில் பேர்னாட் ஷாவின் 'ஜோன் புல்லின் மற்றைய தீவு' என்னும் நாடகம் முதன்முறையாக மேடையேறிற்று. அயர்லாந்துப் பிரச்சினையைப் பொருளாகக் கொண்ட நாடகமாகவே அது பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் அதன் முதலங்கத்திலே நம் கவனத்திற்குரிய சிறு நிகழ்ச்சியொன்று உண்டு. புறோட்பென்ற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளன், தன்னை அயர்லாந்துக்காரனாகக் காட்டிப் பிழைக்கும் குடிகாரன் ஒருவனிடம், பூங்கா நகர் என்னும் புதிய திட்டத்தைப் பற்றி உற்சாகத்தோடு பேசுகிறான். மற்றவன் பங்கு விற்கும் கம்பனிகள் வெளியிடும் முன்விவரணத்தைக் கேட்கிறான். புறோட்பென்ற் அதற்குப் பதிலாக எபனேசர் ஹவார்ட் எழுதிய நூலின் பிரதியொன்றைக் கொடுக்கிறான். இறுதியங்கத்திலே, இதே புறோட்பென்ற் அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றில் விடுதியும் கோல்ப் மைதானமும் அமைக்க முனையும் நிலக் கூட்டிணைவின் முகவனாக நிற்கக் காண்கிறோம். நிலத்தின் பெறுமதிக்கு மேலாகவே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து, அவர்கள் கட்ட முடியாதபோது நிலத்தைக் கைப்பற்றிக்கொள்வதே அவனது உத்தி. அவன் வஞ்சகனல்லன், தான் செய்வது ஊருக்கு நன்மை என்று மனமார நம்புபவன். சீர்திருத்த நூலும் பங்கு விற்பனைப் பத்திரமும் ஒரே கையிலிருந்து வழங்கப்படக்கூடியன என்பதை ஷா கண்டுகொண்டார். நாடகம் மேடையேறியபோது, முதலாவது பூங்கா நகருக்கான கம்பனி பதிவு செய்யப்பட்டு ஓராண்டும் இரண்டு மாதங்களுமே கழிந்திருந்தன.

சிறு நகரொன்றைத் திட்டமிட்டு எழுப்பி, அதனை முதலீட்டுக்குரிய இடமாகவும் சமுதாயத்தின் பொதுச் சொத்தாகவும் ஒருங்கே விளம்பரப்படுத்துவது இன்று புதுமையன்று. உலகெங்கும் ஆதன வணிகர் இம்மொழியிலேயே பேசுகின்றனர். இம்மொழி பிறந்த இடம் இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்சயர் மாவட்டத்திலுள்ள லெச்வேர்த். அங்கு நிகழ்ந்ததை வீடமைப்பின் வரலாறாகவும் கட்டடக் கலையின் வரலாறாகவும் பலர் எழுதியுள்ளனர். நிலத்தின் விலை உயர்கின்றபொழுது அவ்வுயர்வு எவரைச் சாரும் என்ற வினாவின் வரலாறாக அதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் பற்றிய குறிப்பொன்று இங்கு அவசியமாகின்றது. மூலப்பெயரைத் 'தோட்ட நகர்' என்று மொழிபெயர்த்தலே நேரானது. ஆயின் ஈழத்துத் தமிழிலே தோட்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது தேயிலையும் லயன் அறைகளுமேயாகும். எனவே 'பூங்கா நகர்' என்ற வழக்கை மேற்கொண்டுள்ளேன்.

எபனேசர் ஹவார்ட் 1850 இல் லண்டனில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சுருக்கெழுத்தே அவரது தொழில். 1871 இல், இருபத்தொரு வயதிலே, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நெப்ராஸ்காவின் புல்வெளியில் விவசாயம் செய்ய முயன்று தோல்வியுற்றார். பின்னர் சிக்காகோ சென்று சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்தார். 1871 ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் அந்நகர் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. நிலத்தின் விலை எவ்வாறு ஏறும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் அன்று அரிதாகவே இருந்திருக்கும். 1876 இல் நாடு திரும்பி, பாராளுமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்திற் பதியும் தொழிலை மேற்கொண்டார். வாழ்நாளெல்லாம் அத்தொழிலிலேயே சீவித்தார்.

இவ்வாழ்க்கைக் குறிப்பிலே ஒரு முரண் அடங்கியுள்ளது. ஹவார்ட் விவசாயியாகத் தோல்வியடைந்த அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்துதான், புகையிரதப் பாதைகளும் நீராவிக் கப்பல்களும் பெருகியதன் விளைவாக, மலிவான தானியம் 1870களின் பிற்பாதியிலிருந்து பிரித்தானியாவிற் குவிந்தது. ஆங்கிலத் தானிய விவசாயம் நலிந்தது. குத்தகையாளர் நிலத்தைக் கைவிட்டனர். நிலவாடகையும் நிலத்தின் விலையும் வீழ்ந்தன. கிராமத்தை விட்டகன்ற தொழிலாளர் லண்டனின் நெருக்கடி மிகுந்த சேரிகளை வந்தடைந்தனர். அங்கு நிலத்தின் விலை ஏறியது. முதலாளித்துவத்தின் ஒரே இயக்கம் கிராமத்து நிலத்தை மலிவாக்கி நகரத்து நிலத்தை அருமையாக்கிற்று. இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடே ஹவார்டின் திட்டம் முழுவதையும் தாங்கிய அத்திவாரம் ஆகும். அவரை வெறுங் கனவு காண்பவர் என்று ஒதுக்குவோர் இதனைக் கவனிப்பதில்லை. கணக்கு வைத்துக் கனவு கண்டவர் அவர்.

1898 இல் வெளியான 'நாளை: உண்மையான சீர்திருத்தத்திற்கு ஒரு சமாதானப் பாதை' என்னும் நூலில் அக்கணக்கு விரிவாகத் தரப்பட்டுள்ளது. 6,000 ஏக்கர் விவசாய நிலத்தை ஏக்கர் ஒன்று 40 பவுண் வீதம் 240,000 பவுணுக்கு வாங்குதல். அப்பணத்தை நூற்றுக்கு 4 வட்டிக்கு மேற்படாத ஈட்டுக் கடனாகத் திரட்டுதல். நிலத்தின் உறுதியை நம்பிக்கைப் பொறுப்பாளரின் பெயரில் வைத்தல். நடுவில் 1,000 ஏக்கரில் நகர், சுற்றிலும் 5,000 ஏக்கரில் விவசாயம். நகரில் 30,000 பேர், நாட்டுப்புறத்தில் 2,000 பேர். இவர்கள் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுதோறும் ஒரே தொகையைச் செலுத்துவர். அத்தொகை நில வாடகையும் நாம் சோலைவரி என்று வழங்கும் உள்ளூராட்சி வரியும் ஒன்றாகக் கலந்தது. ஆண்டுக்கு 64,000 பவுண் சேருமென ஹவார்ட் மதிப்பிட்டார். அதில் 9,600 வட்டிக்கு. 4,400 முப்பதாண்டிற் கடனைத் தீர்ப்பதற்கு. எஞ்சும் 50,000 பாதை, பாடசாலை, நூலகம், பூங்கா முதலியவற்றுக்கு. கடன் தீர்ந்தபின் வட்டிக்கும் கடனுக்கும் போன பணமும் பொதுவுக்கே. மக்கள் வந்து குடியேறுவதால் நிலத்தின் மதிப்பு ஏறும்; அம்மதிப்பை ஏற்றியவர்கள் மக்களாதலின் அது அவர்களிடமே மீளும். இதுவே நூலின் உயிர்நிலை. 'மூன்று காந்தங்கள்' என்னும் பிரசித்தி பெற்ற வரைபடமும் வட்ட வடிவ வீதிகளும் இக்கணக்கிற்குப் போர்த்திய ஆடை மாத்திரமே.

இக்கருத்து தனிமனிதரொருவரின் மூளையில் திடீரென உதித்ததன்று. 1775 இல் நியூகாசிலில் தோமஸ் ஸ்பென்ஸ் நிகழ்த்திய சொற்பொழிவிலே, நிலம் முழுவதும் அவ்வவ் ஊர்ச்சபைக்கே உரித்தாதல் வேண்டும், வாடகையே வரியாதல் வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. ஹென்றி ஜோர்ஜின் 'முன்னேற்றமும் வறுமையும்' 1879 இல் வெளியாகி, உழைக்காது வரும் நிலமதிப்பேற்றத்தைப் பிரித்தானியத் தீவிரவாதிகளின் அன்றாடப் பேச்சாக்கிற்று. எட்வேட் பெலமியின் 1888 ஆம் ஆண்டு நாவலை இங்கிலாந்திற் பதிப்பிப்பதற்கு ஹவார்டே உதவி செய்தார். ஆயின் பெலமி அரசு அனைத்தையும் உடைமையாக்கும் என்றார். ஜோர்ஜ் ஒரே வரியால் நிலக்கிழாரை அகற்றலாம் என்றார். ஹவார்ட் இரண்டையும் தவிர்த்தார். அரச அதிகாரத்தைக் கைப்பற்ற வேண்டியதில்லை, நிலக்கிழாரை எதிர்க்க வேண்டியதில்லை, மலிவான நிலத்தைச் சந்தையில் வாங்கினாற் போதும் என்பது அவர் முடிவு. 'சமாதானப் பாதை' என்ற தலைப்பின் பொருள் இதுவே.

அத்தலைப்பு நான்காண்டுகளே நீடித்தது. 1902 இல் வந்த இரண்டாம் பதிப்பின் பெயர் 'நாளைய பூங்கா நகரங்கள்'. சீர்திருத்தம் என்ற சொல் அட்டையிலிருந்து மறைந்து நகர் என்ற பண்டம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. முதற் பதிப்பில் 'நிலக்கிழாரின் வாடகை மறையும் புள்ளி' என்ற தலைப்பிலே ஒரு வரைபடம் இருந்தது. இரண்டாம் பதிப்பில் அது இல்லை. இலக்கிய மாணவர் பதிப்பு வேறுபாடுகளைச் சொல் ஆராய்ச்சிக்கு மாத்திரம் பயன்படுத்துவது வழக்கம். இவ்விரு பதிப்புகளையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு ஒரு வர்க்கக் கூட்டணி உருவாகும் விதமே புலனாகும்.

அக்கூட்டணி எத்தகையது? 1899 இல் ஹவார்டும் நண்பர்களும் பூங்கா நகர்ச் சங்கத்தை நிறுவினர். 1901 இல் சட்டவறிஞர் றால்ப் நெவில் அதன் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு மாநாடு சொக்கலேற் உற்பத்தியாளர் ஜோர்ஜ் கட்பரியின் போன்வில் குடியிருப்பிலும், அடுத்த ஆண்டு மாநாடு சவர்க்கார உற்பத்தியாளர் லீவரின் போட் சன்லைற் குடியிருப்பிலும் நடைபெற்றன. தம் தொழிலாளர்க்கு முன்மாதிரி வீடுகள் அமைத்துக் கொடுத்த முதலாளிகள் இவர்கள். இவர்களது நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. அதன் செலவை யார் ஏற்றனர் என்று கேட்பதே வரலாற்று மாணவனின் கடமை. கட்பரி வாங்கிய கொக்கோவிற் பெரும்பகுதி போர்த்துக்கேயரின் சாவோ தோமே தீவில் ஏறத்தாழ அடிமைகளாக உழைத்தவர்களால் விளைவிக்கப்பட்டது. அது பற்றிய முறைப்பாடுகள் 1901 இலிருந்தே எட்டிய போதிலும், கொள்வனவு 1909 இலேயே நிறுத்தப்பட்டது. லீவர் 1911 இல் பெல்ஜிய கொங்கோவில் எண்ணெய்ப் பனைக்கான பரந்த சலுகை நிலங்களைப் பெற்றார். அங்குக் கட்டாய உழைப்பு வழக்கமாயிற்று. ஆங்கிலத் தொழிலாளியின் வீட்டு முற்றத்து ரோசாச் செடிக்கு ஆபிரிக்காவில் நீர் வார்க்கப்பட்டது எனின் அது மிகையாகாது.

1903 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதலாவது பூங்கா நகர்க் கம்பனி 300,000 பவுண் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துடன் பதிவாயிற்று. லெச்வேர்த் பகுதியில் 3,818 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 155,000 பவுணுக்கு, பதினைந்து உடைமையாளரிடமிருந்து, வாங்குபவர் யாரென்று வெளித்தெரியாதவாறு வாங்கப்பட்டது. ஏக்கர் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய 40 பவுண். ஹவார்டின் கணக்கு அதுவரையில் பிழைக்கவில்லை. பங்காளருக்குரிய பங்கிலாபம் நூற்றுக்கு 5 இற்கு மேற்படலாகாது, எஞ்சியது நகருக்கே என்பது கம்பனியின் அமைப்பு விதி. 'சமுதாய முதலீடு' என்று இன்று வழங்கப்படும் ஏற்பாட்டின் முன்னோடியாக இதனைக் கொள்ளலாம்.

இங்குதான் நாம் சற்றுத் தரித்து நோக்க வேண்டியுள்ளது. நூலில் நிலம் நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் இருந்தது. நடைமுறையில் அது பங்காளரின் கம்பனியிடம் சென்றது. நூலில் பணம் தந்தவர் கடன் கொடுத்தவர் மாத்திரமே. கடன் கொடுத்தவருக்கு வட்டி உண்டு, வாக்கு இல்லை. பங்காளருக்கோ வாக்கு உண்டு. அமைப்பு விதியை ஆக்கியவர்கள் அவர்கள். மாற்றவும் வல்லவர்கள் அவர்களே. 5 வீத எல்லையைக் காப்பதற்கு அவர்களது மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை. அன்று பங்கு வாங்கியவர்களிற் பலர் இலட்சியவாதிகள் என்பது மெய்யே. ஆனால் பங்கு கைமாறக்கூடியது. இலட்சியம் அதனோடு சேர்ந்து கைமாறுவதில்லை.

முதற் பின்வாங்கல் குத்தகையில் நிகழ்ந்தது. நிலத்தின் மதிப்பு ஏறுந்தோறும் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை வாடகை மீள் நிர்ணயம் செய்யப்படல் வேண்டும் என ஹவார்ட் விரும்பினார். மதிப்பேற்றம் பொதுவுக்கு வந்து சேரும் வாய்க்கால் அதுவே. ஆனால் தொழிற்சாலைக்காரரும் வீடு கட்டுவோரும் நாளை எவ்வளவாகும் என்று தெரியாத வாடகைக்கு ஒப்பவில்லை. நகருக்கு ஆட்கள் வராவிடிற் கம்பனி முறிந்துவிடும். ஆகவே மாறா வாடகையில் 99 ஆண்டுக் குத்தகை வழமையாயிற்று. இதன் பொருள் என்ன? 1905 இல் குத்தகை எடுத்தவர் 1950 இலும் 1905 இன் வாடகையையே செலுத்துவார். இடையில் ஏறிய மதிப்பு குத்தகையாளரைச் சாரும். குத்தகை முடிவுறும் நாளில் மொத்தமாக நிலத்துரிமையாளரைச் சாரும். இரண்டிலும் ஊர் பங்குபற்றாது, நிலத்துரிமையாளர் ஊராகவே இருந்தாலொழிய.

நகரின் தோற்றத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அதனை வரைந்த றேமண்ட் அன்வினும் பரி பார்க்கரும் வில்லியம் மொறிசின் வழிவந்தவர்கள். அன்வின் 1880களில் சோஷலிச லீக்கின் ஊழியராக இருந்தவர். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு என்ற அவரது அளவுகோல் 1918 ஆம் ஆண்டின் ரியூடர் வோல்ற்றேர்ஸ் அறிக்கை வாயிலாகப் பிரித்தானியப் பொது வீடமைப்பின் விதியாயிற்று. லெச்வேர்த் தொழிலாளி வர்க்கத்திற்கு அளித்த மெய்யான கொடை இதுவென நான் கருதுகிறேன். அது லெச்வேர்த் கம்பனியின் வழியாக வரவில்லை, 1919 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் வழியாக வந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

1905 இல் 150 பவுணுக்குள் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டும் மலிவு வீட்டுக் கண்காட்சி நடைபெற்றது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்க்க வந்தனர். நகரை விற்பதற்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் அமைந்திருக்க முடியாது. வந்து குடியேறியோருள் நடுத்தர வர்க்கத்தினரும், மரக்கறி உணவினரும், பலவகைக் கொள்கை ஆர்வலரும் மலிந்திருந்தமையால் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஊரார் மதுவை விலக்கி வாக்களித்ததால் 1907 இல் திறந்த 'ஸ்கிற்றில்ஸ்' சத்திரத்திலே மது இல்லை. நகரின் முதலாவது மதுச்சாலை பல பத்தாண்டுகள் கழித்தே திறக்கப்பட்டது. அதேவேளை தொழிற்சாலைகளில் உழைத்தோரிற் பலருக்கு 150 பவுண் வீட்டின் வாடகைகூட எட்டாததாக இருந்தது. அவர்கள் ஹிச்சின், போல்டொக் ஆகிய பழைய ஊர்களில் தங்கி, துவிச்சக்கர வண்டியில் பூங்கா நகருக்கு வந்து வேலை செய்து மாலையில் திரும்பினர். யாருக்காக நகர் கற்பனை செய்யப்பட்டதோ அவர்கள் அதன் பகல் விருந்தினராயினர்.

அத்தொழிற்சாலைகளுள் ஒன்று எம் போன்றோர் அனைவரும் அறியாமலே அறிந்தது. 'எவ்றிமன்ஸ் லைப்ரரி' வரிசையைப் பதிப்பித்த டென்ற் நிறுவனம் அவ்வரிசையைத் தொடங்கிய காலத்தையொட்டியே தன் அச்சகத்தை லெச்வேர்த்திற்கு மாற்றிற்று. பிளேட்டோவையும் ரோல்ஸ்ரோயையும் மலிவு விலையில் குடியேற்ற நாடுகளின் மாணவர்க்கு எட்டச் செய்த அச்சிறு நூல்கள் நம் நூலகங்களில் இன்றும் உள்ளன. அவற்றின் தாள்களைப் புரட்டுபவர் ஹவார்டின் மலிவு நிலத்தின் பயனொன்றையும் கையில் ஏந்தியிருக்கிறார்.

நிலத்தின் விலை ஏறிற்று; ஆனால் ஹவார்ட் எதிர்பார்த்த விரைவில் அன்று. வெறும் வயலிற் பாதையும் நீரும் எரிவாயுவும் அமைப்பதற்கே மூலதனம் கரைந்தது. 1913 வரையில் பங்காளருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவ்வாண்டில் நூற்றுக்கு 1. முழுமையான 5 வீதம் 1923 இலேயே சாத்தியமாயிற்று. ஆனால் பங்கிலாபம் கொடுபடாத ஆண்டுகளின் நிலுவை கடனாக ஏறிக்கொண்டிருந்தது. அது தீரும்வரை நகருக்கெனச் சேரும் உபரி கிடையாது. இவ்வாறு ஊரின் உரிமை தலைமுறைக்கு மேலாக வரிசையின் கடைசியில் நின்றது. முதலீட்டுக்கு எல்லை வகுத்ததைப் போற்றுவோர், அந்த எல்லைக்குள்ளேயும் முதலீடு முதலாவதாகவே பந்தியில் அமர்ந்தது என்பதை மறந்துவிடலாகாது.

ஹவார்ட் பொறுமையிழந்தார். 1919 இல், தம்மிடம் போதிய பணம் இல்லாமலே, வெல்வின் அருகே ஒரு பிரபுவின் நிலத்தை ஏலத்தில் எடுத்து நண்பர்களைத் திகைக்க வைத்தார். 1920 இல் வெல்வின் பூங்கா நகர்க் கம்பனி தோன்றிற்று. பங்கிலாப எல்லை இங்கு நூற்றுக்கு 7. ஹவார்ட் அந்நகரிலேயே 1928 இல் காலமானார். அவர் மறைந்து ஆறாண்டுகளில், 1934 ஆம் ஆண்டு நிதிச் சீரமைப்பின்போது, வெல்வின் கம்பனி பங்கிலாப எல்லையை நீக்கிவிட்டது. மிகைப்பணம் ஊருக்கு என்ற விதியும் அதனோடு போயிற்று. எவரும் சட்டத்தை மீறவில்லை. விதியை ஆக்கியவர் விதியை மாற்றினர். 1948 இல் தொழிற்கட்சி அரசு புதிய நகரச் சட்டத்தின் கீழ் வெல்வினைப் பொறுப்பேற்றது.

லெச்வேர்த்தில் இதே நாடகத்தின் கடைசிக் காட்சி காலம் தாழ்த்தி வந்தது. போருக்குப் பிற்பட்ட நிலவிலை ஏற்றத்தில், முதற் குத்தகைகள் முடிவதற்கு இன்னும் சில பத்தாண்டுகளே எஞ்சியிருந்தன. முன்னர் கூறிய கணக்கை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்: குத்தகை முடியும் நாளில் அரைநூற்றாண்டு மதிப்பேற்றம் முழுவதும் நிலத்துரிமையாளரை வந்தடையும். அந்நிலத்துரிமை பங்குச் சந்தையில் மலிவாகக் கிடந்தது. 1960 அளவில் 'ஹொட்டேல் யோர்க்' என்னும் ஆதனக் கம்பனி பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ஷாவின் புறோட்பென்ற் ஐம்பத்தாறு ஆண்டுகள் தாமதித்து லெச்வேர்த்திற்கு வந்து சேர்ந்தான் எனலாம். கைப்பற்றுதல் சட்டபூர்வமானதே. மக்கள் தம் உழைப்பாலும் வாழ்வாலும் ஏற்றிய மதிப்பு, அவ்வூரைக் கண்டறியாத பங்காளரின் இலாபமாக மாறுவதற்கு ஹவார்டின் கம்பனி வடிவத்திலே எவ்வித தடையும் இருக்கவில்லை.

தடை வேறு திசையிலிருந்து வந்தது. ஊர் மக்கள் கிளர்ந்தனர். நகரசபை முன்னின்று பாராளுமன்றத்திலே சட்டமூலமொன்றைக் கொண்டுவந்தது. 1962 ஆம் ஆண்டு லெச்வேர்த் பூங்கா நகர்க் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறி, 1963 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலமுழுவதும் ஒரு பொதுக் கூட்டுத்தாபனத்திடம் சென்றது. கைப்பற்றியவருக்கு நட்டஈடு கொடுபட்டது. 1995 இல் வேறொரு சட்டத்தால் அவ்வாதனம் லெச்வேர்த் பூங்கா நகர் மரபுரிமை நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நிறுவகத்தில் பங்காளர் இல்லை. கடைகளிலும் தொழிற்கூடங்களிலுமிருந்து வரும் வாடகையில் திரையரங்கும் பண்ணையும் மருத்துவ சேவையும் ஊருக்கு நடத்தப்பட்டு வந்துள்ளன. 1898 ஆம் ஆண்டுக் கணக்கின் ஒரு பகுதி, நூறாண்டு கழித்து, 'சமாதானப் பாதை' தவிர்க்க விரும்பிய அரச அதிகாரத்தின் துணையினாலேயே மெய்ப்பட்டது.

இவ்வனுபவத்தை மார்க்சியர் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? நம் வட்டாரங்களில் இதற்கு ஆயத்த விடையொன்று உண்டு. 1872 - 73 இல் வெளியான 'வீட்டுப் பிரச்சினை' என்னும் கட்டுரைத் தொடரில் எங்கெல்ஸ், முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தவே செய்கிறது என்று நிறுவினார். ஆகவே ஹவார்ட் கற்பனா சோஷலிசத்தின் காலங்கடந்த வாரிசு, அவ்வளவே என்பதாகும். ஹிச்சினிலிருந்து வண்டியில் வந்த தொழிலாளியை நோக்கின் இவ்விடை பொருந்தவே செய்கிறது. ஆயின் இதனோடு அமைதி காண்பது எங்கெல்ஸையே அரைகுறையாக வாசிப்பதாகும். அக்கட்டுரைகளில் அவர் தாக்கிய முதலாவது எதிரி புரூதோன்வாதி மியூல்பேர்கர். வாடகை செலுத்தும் ஒவ்வொருவரையும், செலுத்திய வாடகையையே தவணையாகக் கொண்டு, தன் வீட்டின் தனி உடைமையாளனாக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அதனை எங்கெல்ஸ் பிற்போக்கு என்றார். தொழிலாளர் அனைத்து வீடுகளையும் கூட்டாக உடைமை கொண்டு வாடகைக்கு விடுதல் அதற்கு நேர்மாறானது என்றும், நிலவாடகையை ஒழிப்பது வேறு, அதனைச் சமுதாயத்திடம் மாற்றுவது வேறு என்றும் தெளிவுபடுத்தினார். நிலவாடகையைச் சமுதாயத்திடம் மாற்ற முனைந்தவர் ஹவார்ட். அவர் பிழை நோக்கத்தில் இல்லை; அந்நோக்கத்தைப் பங்காளரின் வாக்கிடம் ஒப்படைத்ததில் உள்ளது. நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையேயுள்ள பிளவைப் படிப்படியாக ஒழித்தல் என்பது 1848 ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் அறிக்கையின் பத்து நடவடிக்கைகளுள் அடங்கியிருப்பதையும் நாம் மறத்தற்கில்லை.

இலங்கைக்குப் பூங்கா நகர் என்ற எண்ணம் வந்தபொழுது அதன் கணக்குக் கப்பலேறவில்லை. 1915 ஆம் ஆண்டு வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தை அடுத்து, 1921 இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான திட்ட அறிக்கையை ஆக்கினார். 'கிழக்கின் பூங்கா நகர்' என்ற பெயர் அத்தொடர்பில் கொழும்புக்கு வழங்கலாயிற்று. அப்பெயர் ஒட்டிக்கொண்டது கறுவாத்தோட்டத்தின் நிழல்மரச் சாலைகளோடும் பெருமனைகளோடுந்தான். மரமும் புல்வெளியும் பூங்கா நகரின் அடையாளங்களாகவே பேணப்பட, அவற்றின் கீழிருந்த நிலத்தின் மதிப்பேற்றம் தனியுறுதிகளிற் பத்திரமாக இருந்தது. 1948 இல் அபர்குறொம்பி வகுத்த பிரதேசத் திட்டம் இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகியவற்றைத் துணைநகரங்களாக விதந்துரைத்தது. அவ்விடங்களின் நிலம் பின்னர் எவ்விலை விற்றது, யார் விற்றனர் என்பதைக் காணி உறுதிகளில் தேடும் ஆய்வு நம் மாணவர்க்காகக் காத்திருக்கின்றது.

நில வாடகை பற்றிய வினா நம் நாட்டிற் சட்டத்தின் வழியே முன்வந்த காலம் 1970களின் தொடக்கமாகும். 1973 ஆம் ஆண்டு முதலாம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. நகரத்து வீட்டுச் சொந்தக்காரரின் ஆதிக்கத்தைக் குலைத்த சட்டம் அது. அதனால் தலைக்குமேற் கூரை உறுதியான குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் கையளிக்கப்பட்டன. பின்னர் அவை வாடகைக்கு இருந்தோருக்கே விற்கப்பட்டன. ஆறாண்டுகளுக்கு முன், 1967 இல், பிரித்தானியத் தொழிற்கட்சி அரசும் குத்தகைச் சீர்திருத்தச் சட்டத்தால் நீண்டகாலக் குத்தகையாளர் நிலத்துரிமையை விலைக்கு வாங்க வழி செய்தது. லெச்வேர்த்தில் அச்சட்டத்தின் பயனாக வீடு வீடாகப் பொதுநிலம் தனியுரிமையாயிற்று. இரு நாடுகளிலும், இடதுசாரியின் கையாலே, எங்கெல்ஸ் மறுத்த மியூல்பேர்கரின் தீர்வே சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வாறு உறுதி பெற்ற வீடுகளிற் பல பின்னர் விலைப்பட்டுக் கைமாறின. அவை நின்ற நிலத்தின் ஏற்றம் விற்றவரோடு போயிற்று.